சிலந்திச் சிரைகள்: மூலத்தைப் பார்க்காமல் ஊசியை எடுக்கலாமா?

தொடையின் வெளிப்புறத்தில், முழங்காலின் பின்மடிப்பில், கணுக்காலின் உட்புறத்தில் நூலைவிட மெல்லிய சிவப்பு, ஊதாக் கோடுகள் கிளைவிட்டுப் படர்வதைப் பலர் முப்பது, நாற்பது வயதுகளில் கவனிக்கிறார்கள். மருத்துவமனைகளிலும் அழகுசிகிச்சை நிலையங்களிலும் ‘ஸ்பைடர் வெயின்’ என்று சொல்லப்படும் சிலந்திச் சிரைகள் இவை. தோலின் மேலடுக்கில் ஏற்கெனவே இருக்கும் நுண்சிரைகள் விரிந்து, மீண்டும் சுருங்காமல் நின்றுவிட்டால் இப்படித் தெரியும். ஒவ்வொன்றின் விட்டமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சற்று ஆழத்தில், ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை நீலப்பச்சையாக ஓடுபவை வலைச் சிரைகள். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிப் புடைத்துச் சுருண்டு நிற்பவையே ‘வெரிகோஸ் வெயின்’ எனும் சுருள் சிரைகள்.

1994இல் உருவாகி 2004இலும் 2020இலும் திருத்தப்பட்ட ‘சீப்’ என்ற பன்னாட்டு வகைப்பாடு, கால் சிரை நோய்களைச் சுழியத்திலிருந்து ஆறு வரை படிகளாகப் பிரிக்கிறது. சிலந்திச் சிரைகளும் வலைச் சிரைகளும் முதல் படியில் வருகின்றன; ஆறாத புண் ஆறாம் படியில் வருகிறது. முதல் படியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படிவரை போவதே இல்லை.

இவை எவ்வளவு பரவலானவை என்பதற்கு எடின்பரோ ஆய்வு நல்ல சான்று. அந்த ஸ்காட்லாந்து நகரில் 18 முதல் 64 வயது வரையிலான 1,566 பேரின் கால்களைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். ஆண், பெண் இரு தரப்பிலும் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் லேசான சிலந்திச் சிரைகளோ வலைச் சிரைகளோ இருந்தன. பெரிய சுருள் சிரைகள் ஆண்களில் 40 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 32 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. பெண்களின் தொல்லை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று ஆண்களிடமும் அதே அளவுக்கு இருந்திருக்கிறது. மருத்துவரிடம் காட்ட வருவோரில்தான் பெண்கள் அதிகம்.

இத்தனை பேருக்கு இருப்பதால் இரண்டு தவறுகள் எளிதில் நேர்கின்றன. பெரிய நோயின் தொடக்கம் என்று அஞ்சி ஓடுவது ஒன்று. வெறும் அழகுக் குறை என்று கருதி, கண்ணுக்குத் தெரியும் கோட்டை மட்டும் அழிக்கச் சொல்வது மற்றொன்று. சிலந்திச் சிரைக்குச் சிகிச்சை வேண்டுமா என்பதை இரண்டு கேள்விகளுக்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்தச் சிரைக்குள் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? நம் மாநிறத் தோலில் இந்தச் சிகிச்சை என்ன தடத்தை விட்டுச்செல்லும்?

நிற்கும் காலின் சுமை

நாம் அசையாமல் நிற்கும்போது, இதயத்திலிருந்து கணுக்கால் வரை தடையின்றி நிற்கும் இரத்தத்தின் எடை முழுதும் கணுக்காலின் சிரைகள்மேல் இறங்குகிறது. அங்கே அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவை எட்டும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நலமான காலில் சில அடிகளிலேயே அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். தள்ளிய இரத்தம் திரும்பி இறங்காமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். இத்தாலியின் பாதுவா நகரில் உடற்கூறியல் கற்பித்த ஃபாப்ரிசியஸ் 1603இல் இவற்றைப் படங்களுடன் விவரித்தார். அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, இவை ஒரே திசையில்தான் இரத்தத்தை விடுகின்றன என்பதைத் தம் சான்றுகளில் ஒன்றாக வைத்து, 1628இல் இரத்தம் உடலுக்குள் சுற்றிவருவதை நிறுவினார்.

பெரிய சிரையின் வால்வு பழுதானால் இரத்தம் பின்னோக்கி வழிந்து அழுத்தம் கிளைச் சிரைகளுக்கு ஏறும். ஆனால் சிலந்திச் சிரைகள் உள்ள பலருக்குப் பெரிய சிரைகள் நன்றாகவே இயங்குகின்றன. அப்படியானால் நுண்சிரை மட்டும் ஏன் விரிகிறது என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. அதற்கு ஒரு பகுதி விடையை 2011இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் தந்தார்கள். அறுவையில் அகற்றப்பட்ட கால்களின் சிரைகளுக்குள் பிசினைச் செலுத்தி அச்செடுத்துப் பார்த்தபோது, மிகச் சிறிய மேற்சிரைகளிலும் வால்வுகள் இருப்பதையும், பெரிய சிரையின் துணையின்றியே அவை தனித்துப் பழுதடையக்கூடும் என்பதையும் கண்டார்கள். சிரை நோய் எப்போதும் மேலிருந்து கீழே இறங்கும் என்ற பழைய எண்ணம் இதனால் தளர்ந்தது.

சிகிச்சைக்கு இதன் பொருள் தெளிவானது. சிலருக்கு மூலம் பெரிய சிரையில் இருக்கும். பலருக்கு அருகில் ஓடும் வலைச் சிரையே சிலந்திச் சிரைக்கு இரத்தம் ஊட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சிலருக்குக் கோளாறு அந்த நுண்சிரையோடு முடிந்துவிடும். மூவருக்கும் தோலில் தெரியும் கோடு ஒன்றுபோலவே இருக்கலாம். செய்ய வேண்டியது ஒன்றல்ல.

யாருக்கு, எதனால்?

முதல் காரணம் பரம்பரை. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. அடுத்தது வயது: சிரைச் சுவரின் மீள்தன்மை குறையக் குறைய விரிவு நிலைத்துவிடுகிறது. உடல் எடை, அடிபட்ட இடம், முந்தைய அறுவையின் தழும்பு ஆகியவையும் பட்டியலில் உண்டு.

பெண்களுக்கு ஹார்மோன்களின் பங்கு பெரிது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சிரைச் சுவரைத் தளர்த்துகின்றன. கருவுற்ற காலத்தில் உடலின் இரத்த அளவும் ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. மூன்றும் சேரும்போது கால்களில் புதிய கோடுகள் தோன்றுவது இயல்பு. பேற்றுக்குப் பிறகு இவற்றில் கணிசமானவை தாமாகவே மங்கும். ஆகவே குழந்தை பிறந்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருப்பதே முறை. கருவுற்ற காலத்தில் அழுத்தக் காலுறை அணிந்தால் வராமல் தடுக்கலாமா என்று சுவிட்சர்லாந்தில் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். சுருள் சிரைகள் தோன்றுவதைக் காலுறை தடுக்கவில்லை. ஆனால் பெரிய சிரையில் இரத்தம் பின்னோக்கி வழிவதும், கால் கடுப்பும் கனமும் காலுறை அணிந்தவர்களுக்குக் குறைந்தன.

நின்றே பார்க்கும் வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் பெரும்பகுதி நிற்பவர்கள் சுருள் சிரைக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை டென்மார்க் தொழிலாளர்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு காட்டியது. அது சிலந்திச் சிரைகளை அளந்த ஆய்வு அன்று. ஆனாலும் அழுத்தத்தின் கணக்கு இரண்டுக்கும் பொதுவானது. சென்னை தியாகராய நகரின் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களின் கால்கள் இந்தக் கணக்குக்கு உட்பட்டவைதான். கடை ஊழியர்கள் உட்கார்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் கொண்டுவந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. நாற்காலி இருந்தால் போதாது. அதில் உட்கார அனுமதியும், இடையிடையே நடக்க நேரமும் வேண்டும். இந்த நோயைத் தடுப்பதற்கான மலிவான மருந்து அதுதான்.

கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் சிலந்திச் சிரை வரும் என்ற பரவலான நம்பிக்கைக்கு உறுதியான சான்று இல்லை.

முகத்தில் தெரியும் கோடுகள்

மூக்கின் ஓரத்திலும் கன்னத்திலும் தோன்றும் சிவப்புக் கோடுகளுக்கும் காலின் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. பல்லாண்டு வெயிலில் தோலின் தாங்கு இழைகள் சிதைவது, ரோசேசியா எனும் தோல் நோய் ஆகியவை உலகெங்கும் சொல்லப்படும் காரணங்கள். நம் நாட்டில் அவற்றோடு மூன்றாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது ஸ்டீராய்டு களிம்பு.

பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டுகள் கலந்த களிம்புகள் படைக்கும் அரிப்புக்கும் மட்டுமின்றி, நிறம் கூட்டும் கிரீமாகவும் முகத்தில் பூசப்படுகின்றன. தொடர்ந்து பூசினால் தோல் மெலிகிறது; தாங்குவதற்கு எதுவுமில்லாத நுண்நாளங்கள் விரிந்து வெளியே தெரிகின்றன. இந்தியாவின் பல நகரங்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையுடன் வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசியிருந்தார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கெதிராகத் தனிச் செயற்குழு அமைத்துப் போராடியது. 2018இல் ஒன்றிய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத ‘எச்’ அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆயினும் மருந்துக்கடையில் களிம்பின் பெயரைச் சொல்லி வாங்கும் பழக்கம் ஒழியவில்லை.

அழகுக்காகப் பூசியது அழகைக் கெடுத்து, அதைச் சரிசெய்ய லேசரைத் தேடி வரவேண்டிய நிலை வருவது வேதனையானது. இவர்களுக்கு முதல் சிகிச்சை அந்தக் களிம்பை விடுவது. அதையும் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால், தோல் மருத்துவரின் மேற்பார்வையிலேயே விடவேண்டும்.

ஒப்பனைச் சிகிச்சைக்கு முன் பார்க்க வேண்டியவை

சிலந்தி வடிவத்தில் தோன்றும் எல்லாமே சிலந்திச் சிரைகள் அல்ல. மார்பின் மேற்பகுதி, கழுத்து, முகம், கைகளில் நடுவே ஒரு சிவப்புப் புள்ளியும் அதைச் சுற்றிக் கதிர்களுமாகத் தோன்றுவது வேறு. இது சிரையின் விரிவு அன்று. நடுப்புள்ளி ஒரு நுண்தமனி. அதைக் குச்சியின் முனையால் அழுத்தினால் கதிர்கள் மறையும். விட்டதும் நடுவிலிருந்து வெளிநோக்கி நிரம்பும். குழந்தைகளிடமும் கருவுற்ற பெண்களிடமும் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. மற்ற பெரியவர்களிடம், குறிப்பாக மது அருந்துவோரிடம், பல தோன்றினால் கல்லீரல் சுருக்கத்தின் அடையாளமாக இருக்கலாம். பழுதான கல்லீரலால் ஈஸ்ட்ரோஜனைச் சரிவரக் கழிக்க முடியாததே இதற்கு முக்கிய விளக்கம். அங்கே தேவை லேசர் அன்று, கல்லீரல் பரிசோதனை.

உதடு, நாக்கு, விரல்நுனிகளில் சிறு சிவப்புப் புள்ளிகளுடன் அடிக்கடி மூக்கில் இரத்தம் வந்தால், பரம்பரையாக வரும் ஒரு நாளக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். விரல்கள் குளிரில் வெளுத்து, தோல் இறுகி, முகத்திலும் கைகளிலும் தட்டையான சிவப்புத் திட்டுகள் வந்தால் ஸ்கிளிரோடெர்மா இருக்கலாம்.

காலிலும் ஓர் எச்சரிக்கை இடம் உண்டு. கொலுசு படும் கணுக்காலின் உட்புறத்திலும் பாதத்தின் ஓரத்திலும் நுண்சிரைகள் விசிறிபோல் விரிந்து நெருங்கி நின்றால், அதை முதல் படி என்று எண்ணிவிடக் கூடாது. ஆழ்ந்த சிரைப் பழுதின் அடையாளம் என்பதால் 2020 திருத்தத்தில் இதை நான்காம் படிக்கு உயர்த்தினார்கள். கருநிறத் தோலில் மெல்லிய சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகவே இந்த அடையாளம் நம்மவர்களிடம் தவறிப்போக இடமுண்டு. இத்தகையவர்களுக்கும், கால் வீக்கம், மாலையில் கடுப்பு, தோல் கருத்தல் உள்ளவர்களுக்கும், நிற்கவைத்து இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் இல்லாமல் எந்த ஊசியும் போடக் கூடாது. மேல்மாடிக் குழாய் கசிந்துகொண்டிருக்க, கீழ்ச்சுவருக்கு வெள்ளையடித்தால் ஈரம் மீண்டும் தெரியத்தான் செய்யும்.

ஊசி மருத்துவம்

கால்களின் சிலந்திச் சிரைகளுக்கு முதன்மைச் சிகிச்சை ‘ஸ்கிளிரோதெரபி’ எனும் ஊசி மருத்துவமே. எரிச்சலூட்டும் மருந்தைச் சிரைக்குள் செலுத்தினால் அதன் உள்பூச்சு சிதையும்; சுவர்கள் ஒட்டி நாராகும்; உடல் அதைச் சில வாரங்களில் உறிஞ்சிவிடும். இரத்தம் பக்கத்திலுள்ள நல்ல சிரைகள் வழியே போய்விடுவதால் ஓட்டத்துக்குக் குறை வராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஊசிக்குழல் வந்தவுடனேயே பிரெஞ்சு மருத்துவர்கள் சுருள் சிரைக்குள் பெர்ரிக் குளோரைடு செலுத்திப் பார்த்தார்கள். புண்ணும் சீழும் மிகுந்ததால் கைவிட்டார்கள். அடர்ந்த உப்புநீர், மீனெண்ணெயிலிருந்து எடுத்த சேர்மங்கள் என்று தேடல் நீண்டது. 1946இல் சோடியம் டெட்ராடெசில் சல்பேட் சிகிச்சைக்கு வந்தது. 1930களில் மரப்பு மருந்தாகத் தயாரிக்கப்பட்ட பாலிடோகனால், சிரைச் சுவரைச் சிதைக்கும் இயல்பு கொண்டிருந்ததால் 1960களில் ஜெர்மனியில் சிரை மருந்தாக மாறியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு 2010இல் ஒப்புதல் தந்தது. மரப்புத்தன்மை இருப்பதால் இந்த ஊசி அதிகம் வலிப்பதில்லை. அடர்ந்த உப்புநீர் ஊசி எரியும், தசையைப் பிடித்திழுக்கும்.

ஜெர்மன் மருத்துவர்கள் நடத்தி 2010இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு இந்தத் துறையின் முக்கியச் சான்று. முன்னூறுக்கு மேற்பட்டோரில் சிலருக்குப் பாலிடோகனால், சிலருக்கு டெட்ராடெசில், சிலருக்கு மருந்தற்ற உப்புநீர் போட்டார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 12 வாரங்களில் முதல் மருந்தில் 95 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 92 விழுக்காட்டினருக்கும் நல்ல பலன் தெரிந்தது. வெறும் உப்புநீரில் 8 விழுக்காடு. மனநிறைவு கொண்டவர்கள் பாலிடோகனாலில் 80 விழுக்காட்டுக்கும் மேல், டெட்ராடெசிலில் ஏறத்தாழ 64 விழுக்காடுதான். சிரையை அடைப்பதில் இரண்டும் சமமாக இருந்தும் மனநிறைவில் வேறுபாடு வந்தது. சிரை மறைந்தால் போதாது, வலியும் தழும்பும் கறையும் இல்லாமல் மறைய வேண்டும் என்றே சிகிச்சைக்கு வருபவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

செய்முறை எளிமையானதுபோல் தெரிந்தாலும் கை நிதானம் வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிரைக்கு 0.5 விழுக்காடு பாலிடோகனால், வலைச் சிரைக்கு 1 விழுக்காடு என்பது வழக்கமான அடர்த்தி. முடியிழை போன்ற ஊசியால் ஒவ்வோர் இடத்திலும் சில துளிகள்தான் செலுத்துவார்கள். முதலில் ஊட்டும் வலைச் சிரையை அடைத்து, பிறகே சிலந்திக் கோடுகளுக்கு வரவேண்டும். ஊசி சிரைக்கு வெளியே போனாலோ, மருந்து நுண்தமனிக்குள் புகுந்தாலோ தோல் புண்ணாகும். ஒரே அமர்வில் முடிவதில்லை; சில வார இடைவெளியில் இரண்டு, மூன்று அமர்வுகள் தேவைப்படலாம். மூடிய சிரை திரும்பாது என்றாலும், அதே இயல்புள்ள உடலில் புதியவை பிறகு தோன்றும். ‘நிரந்தரத் தீர்வு’ என்ற விளம்பரச் சொல்லை நம்பக் கூடாது.

கருவுற்றவர்கள், பாலூட்டுவோர், நடக்க இயலாதோர், ஆழ்சிரையில் இரத்தக்கட்டி உள்ளோர், மருந்துக்கு ஒவ்வாமை உள்ளோர் ஆகியோருக்கு இந்த ஊசி ஏற்றதல்ல.

லேசரும் நம் தோலின் நிறமும்

1983இல் பாஸ்டனின் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். குறியாகும் பொருள் மட்டும் உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்து, அது ஆறுவதற்குள் ஒளித்துடிப்பை முடித்துவிட்டால், சுற்றியுள்ள திசு சுடப்படாமல் குறி மட்டும் வெந்துபோகும். இன்றைய தோல் லேசர்கள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான். இரத்தச் சிவப்பான ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அளவுகளில் ஒளியை மிகுதியாக உறிஞ்சுகிறது. அதையொட்டி 532 நானோமீட்டர் கேடிபி லேசரும் 595 நானோமீட்டர் சாய லேசரும் வந்தன. முகத்தின் மெல்லிய கோடுகளுக்கு இவை நன்கு பயன்படுகின்றன. முகத்தில் ஊசி மருந்து போனால் கண்ணுக்குச் செல்லும் நாளங்களைத் தொடும் ஆபத்து இருப்பதால் அங்கே ஒளியே பாதுகாப்பானது.

ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் இதே அலைநீளங்களை உறிஞ்சும். நிறம் கூடக் கூட, ஒளியின் ஆற்றல் நாளத்தை எட்டுமுன் மேல்தோலிலேயே வெப்பமாகிவிடும். விளைவு கொப்புளம், கருந்திட்டு, சில வேளை வெண்திட்டு. 1975இல் ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த தோல் அளவுகோல் முதலில் வெள்ளைத் தோலினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்ந்தன. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் அடங்குவர். வெள்ளைத் தோலுக்கென்று தொகுத்த ஆற்றல் அளவுகளை அப்படியே எடுத்து நம் தோலில் பயன்படுத்தக் கூடாது.

நமக்குப் பொருத்தமானது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். இந்த நீண்ட அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். ஒளி ஆழமாகவும் இறங்கும். ஆனால் ஹீமோகுளோபினும் இதைக் குறைவாகவே உறிஞ்சுவதால் கூடுதல் ஆற்றல் செலுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே வலிக்கும், தோலை இடைவிடாமல் குளிர்விக்கவும் வேண்டும். அழகு நிலையங்களில் பரவலாக உள்ள ஐபிஎல் கருவி லேசர் அன்று. ஒரே வீச்சில் பல அலைநீளங்களைப் பாய்ச்சுவது. கருநிறத் தோலில் தீக்காயம் உண்டாக்கும் ஆபத்து அதில் அதிகம். எந்தக் கருவியானாலும் மறைவான சிறு இடத்தில் சோதித்து, சில வாரம் பொறுத்து, தடம் விழவில்லை என்று உறுதியான பிறகே தொடர வேண்டும். அந்த நாட்களில் வெயில் படாமல் காப்பதும் அவசியம்.

ஐரோப்பிய நாளவியல் அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் காலின் சிலந்திச் சிரைகளுக்கு ஊசி மருத்துவத்தை லேசருக்கு முன்னால் வைக்கிறது. ஊசிநுனி நுழையாத அளவுக்கு நுண்ணியவை, ஊசி மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், ஊசிக்குப் பிறகு சுற்றிலும் படலமாக முளைக்கும் மெல்லிய செங்கோடுகள் ஆகியவையே காலில் லேசருக்கு உரிய இடங்கள்.

கறையைப் பற்றிய உண்மை

ஊசிக்குப் பிறகு 10 முதல் 30 விழுக்காட்டினருக்குச் சிரை ஓடிய வழியே பழுப்புக் கோடு விழுவதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். சிதைந்த இரத்த அணுக்களிலிருந்து கசிந்த இரும்புச் சேர்மமே இந்தக் கறை. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் மங்கும். சிறு பங்கினருக்கு அதற்கும் மேல் நிற்கும். நிறம் வெளுக்கும் களிம்புகள் மெலனினைக் குறிவைப்பவை. இரும்புக் கறையை அவை அகற்றுவதில்லை. கறையைக் கண்டு பயந்து ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கிப் பூசுவது தோலை மேலும் மெலியவைக்கும். அடைபட்ட சிரைக்குள் உறைந்த இரத்தம் தங்கியிருந்தால், இரண்டு மூன்று வாரங்களில் மருத்துவர் சிறு துளையிட்டு அதை வெளியேற்றுவது கறையைக் குறைக்கும்.

சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றி இன்னும் மெல்லிய செங்கோடுகள் படலமாக முளைப்பது மற்றொரு விளைவு. மருந்தின் அடர்த்தி மிகுதல், ஊட்டும் சிரையை அடைக்காமல் விடுதல், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, உடற்பருமன் ஆகியவை இதைத் தூண்டுகின்றன. பலருக்கு மாதங்களில் தானே அடங்கும். கடும் ஒவ்வாமையும் ஆழ்சிரைக் கட்டியும் அரிதானவை. ஆனாலும் அவற்றைச் சமாளிக்கும் ஏற்பாடு இல்லாத அறையில் ஊசி போடக் கூடாது.

மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட மறுஆய்வு 35 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. மருந்தற்ற ஊசியைவிட ஸ்கிளிரோதெரபி சிரைகளை நன்றாக மறைக்கிறது. அதேவேளை கறையும் செம்படலமும் வலியும் கூடுகின்றன. எந்த மருந்து, எந்தக் கருவி உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்றுகளின் தரம் இல்லை என்றது. ஒரு குறிப்பிட்ட கருவிதான் உலகிலேயே சிறந்தது என்று சொல்லி விற்பவர்களிடம் கேள்வி கேட்க விரும்புவோருக்கு இந்த முடிவு துணை.

காலுறையும் களிம்பும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்டுக்குக் கால் சிரை நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி தணிவதைக் கவனித்தார். நீரின் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடுவதால் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் கால் தாங்கப்படுகிறது என்று புரிந்துகொண்டு, அதேபோல் அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் உருவாக்கினார். இந்தக் காலுறை சிலந்திச் சிரையை அழிக்காது. கனத்தையும் கடுப்பையும் குறைக்கும். ஊசிக்குப் பிறகு மூன்று வாரம் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தமுள்ள காலுறை அணிந்த பெண்களுக்குச் சிரைகள் நன்றாக மறைந்ததை 2007இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வு காட்டியது. நம் கோடையில் முழுக்காலுறையை நாள் முழுதும் அணிவது கடினம். எத்தனை மணி நேரம் முடியும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி வகுத்துக்கொள்வது, வாங்கி அலமாரியில் வைப்பதைவிட மேல். கால் தமனிகளில் அடைப்புள்ளவர்கள், குறிப்பாக நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள், பரிசோதிக்காமல் இதை அணியக் கூடாது.

விரிந்த சிரையைச் சுருக்கும் களிம்பு எதுவும் இல்லை. வினிகர் பூச்சுக்கோ வைட்டமின் கே கிரீமுக்கோ சிலந்திச் சிரைகளை மறையவைத்த நம்பகமான சான்று கிடையாது. நடை, எடைக் குறைப்பு, இடையிடையே காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை இருப்பதை மறைக்காவிட்டாலும் புதியவை வரும் வேகத்தைத் தணிக்க உதவலாம்.

முடிவெடுப்பவர் யார்?

சிலந்திச் சிரைக்குச் சிகிச்சை பெற விரும்புவது வீண் ஆசை அல்ல. தன் உடல் தனக்குப் பிடித்தபடி இருக்கவேண்டும் என்று விரும்ப எவருக்கும் உரிமை உண்டு. சிலருக்கு அந்த இடம் அரிக்கவும் எரியவும் செய்கிறது. ஆனால் அந்த விருப்பத்தைப் பணமாக்கும் சந்தை பெரிதாகிவிட்டது. ஒப்பனைச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தருவதில்லை என்பதால் செலவு முழுதும் நோயாளியின் கையிலிருந்துதான் போகிறது. எனவே கேள்வி கேட்கும் பொறுப்பும் அவர்மேல் கூடுகிறது.

தோல் மருத்துவர் அல்லது நாளவியல் அறுவை மருத்துவர் முன்னால் அமரும்போது ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். இந்தச் சிரைக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது, ஸ்கேன் தேவையா? எந்த மருந்து, எத்தனை விழுக்காடு? லேசர் என்றால் எந்த அலைநீளம், என் நிறத்தில் உள்ளவர்களுக்கு நீங்கள் செய்த பலன்களைக் காட்ட முடியுமா? கறை விழுந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவேண்டிய நேர்மையான பதில், ‘உடல்நலத்துக்கு ஒன்றும் ஆகாது’ என்பதே. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் சிகிச்சை வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது தெளிந்த முடிவு. அந்தப் பதிலைச் சொல்லாமல் தொகுப்புக் கட்டணத்தைப் பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.